கைக்கு எட்டும் ஆழம்

லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவின் அழகைக் காட்டச் சொன்னால் நான் முதலில் டால்பினைத்தான் திறப்பேன். கோப்புகளைப் பார்க்கும் செயலி அது. இடப்பக்கம் இடங்களின் பட்டியல், நடுவே கோப்புகள், மேலே சில பொத்தான்கள். புதிதாக உட்காருபவருக்கு அதுவே போதும். எஃப்3-ஐத் தட்டினால் விண்டோ இரண்டாகப் பிரிந்து, ஃபோல்டர்கள் அருகருகே நிற்கும். எஃப்4-ஐத் தட்டினால் அடியில் டெர்மினல் எழும். மேலே நாம் ஃபோல்டர் மாற மாற, டெர்மினலும் கூடவே அங்கு போய்ச் சேரும். நாளெல்லாம் கோப்புகளோடு மல்லுக்கட்டிய ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றியிருக்கும்.

இந்தப் பக்குவம் கூடிவர வெகுகாலம் ஆனது. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ-யைத் தொடங்கினார். மறு ஆண்டு க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப் வந்தது. இத்தகைய திட்டங்களில் நிரலாளர்களுக்குள் கருத்து மோதினால், செட்டிங்ஸில் இன்னொரு கட்டம் சேர்த்துச் சண்டையை முடித்துவிடலாம். முடிவெடுக்கும் சுமை பயனர் தலையில் விழும். க்னோமின் ஹேவக் பென்னிங்டன் இந்தப் பழக்கத்தை எதிர்த்து எழுதினார்: ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு, தேர்வுகள் கூடக்கூடச் சோதிக்க வேண்டிய சேர்க்கைகள் பெருகும், பிழைகள் பதுங்கும். 2002-இல் வெளிவந்த க்னோம் 2-இன் துப்புரவில் அந்தச் சிந்தனை தெரிந்தது. அவர் வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால் 2011-இல் க்னோம் 3 எல்லை தாண்டியது. மினிமைஸ் பொத்தான் போயிற்று. கணினியை அணைக்க மெனுவைத் திறந்தால் உறங்கவைக்கும் கட்டளைதான் இருந்தது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் அது அணைக்கும் கட்டளையாக மாறியது. தானாக யாருக்கு அது தட்டுப்படும்? சூப்பர் (விண்டோஸ்) விசையைத் தொட்டதும் எல்லா விண்டோக்களையும் விரித்துக் காட்டும் அதே க்னோமின் அழகை நான் இன்றும் மெச்சுகிறேன். அதனாலேயே அந்த ஆல்ட் விசை உறுத்துகிறது.

கேடிஇ பக்கம், 2020-இல் வெளிவந்த பிளாஸ்மா 5.20-இல் ஒரு சின்னப் பொத்தான் வந்தது: செட்டிங்ஸில் நாம் மாற்றியவற்றை மட்டும் அடையாளமிட்டுக் காட்டும். எத்தனை அமைப்புகள் இருந்தாலும் எங்கே கைவைத்தோம் என்பது தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், பத்து வசதிகளைவிட இது மேல்.

2024-இல் பிளாஸ்மா 6, கோப்பைத் திறக்க ஒற்றை கிளிக் என்ற தன் பழைய வழக்கத்தை விட்டு இரட்டை கிளிக்குக்கு மாறியது. ஒற்றை கிளிக்கில் ஊறியவன் நான்; ஆனாலும் அது சரியான முடிவு. வேறு கணினிகளிலிருந்து வருபவரின் விரல் அப்படித்தான் பழகியிருக்கிறது. எனக்குப் பழையதே வேண்டுமென்றால், செட்டிங்ஸில் அது இன்னும் இருக்கிறது.