வளைவுக்கு முந்திய இரண்டு நொடி

போர்ஷே 911 ஜிடி3 வாங்குகிறவர் எந்த பிரேக் என்று எடுத்த முடிவு, வழக்கமாக அந்தக் காரின் காலிபர் நிறத்திலேயே தெரிந்துவிடும். சிவப்பென்றால் வார்ப்பிரும்பு டிஸ்க். மஞ்சளென்றால் கார்பன் செராமிக். 2021இல் வந்த தலைமுறையில் முன்சக்கர இரும்பு டிஸ்க்கின் விட்டம் 408 மில்லிமீட்டர். செராமிக்கும் ஏறக்குறைய அதே அளவுதான், எடை மட்டும் பாதி. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைவதால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கும். துருவும் பிடிக்காது, ரிம்மில் கரித்தூளும் அவ்வளவாகப் படியாது. இத்தனை இருந்தும், சாலையில் ஓட்டுவதற்கு என்னைக் கேட்டால் இரும்பைத்தான் சொல்வேன். லேசாக மிதிக்கும்போது காலுக்குத் தெரியும் அந்தப் படிப்படியான பிடி இரும்பில்தான் எனக்கு இதம்.

எந்த டிஸ்க்காக இருந்தாலும் பகை வெப்பம்தான். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரிடம், 100இல் இருப்பதைப்போல் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. பிரேக் பிடித்தால் அது வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டிய பிரேக் ஆயிலோ நாளாக ஆகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 இருந்தாலே போதும் என்கிறது தர அளவுகோல். கொதித்தால் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தரைவரை போய்விடும். டிஸ்க்குக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டு ஆயிலை மாற்றாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. ரேஸ் பிரேக் பேட் தெருவுக்கு வேண்டவே வேண்டாம். அது சூடேறினால்தான் சரியாகப் பிடிக்கும். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு அதெல்லாம் தெரியாது.

இனி கியர்பாக்ஸ். போர்ஷேயின் தானியங்கி கியர்பாக்ஸான பிடிகேயில் இரண்டு கிளட்ச்: ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகிவிடும். கிளட்ச் கைமாறினால் போதும். 1980களில் 962 ரேஸ் காரில் பழகிய நுட்பம், 2008இல் சாலைக் காருக்கு வந்தது. 2013 ஜிடி3 பிடிகேயோடு மட்டுமே வந்தபோது ரசிகர்கள் நொந்துபோனார்கள். 2016இல் ஆறு கியர் மேனுவலோடு 991 கார்கள் மட்டும் என்று வந்த 911 ஆர், அந்த ஏக்கத்துக்குக் கிடைத்த பதில். மறு வருடமே ஜிடி3யிலும் மேனுவல் திரும்பியது.

வேகத்தில் பிடிகேதான் கெட்டி, மறுப்பில்லை. ஆனால் வளைவுக்கு முந்திய இரண்டு நொடியில் மேனுவல் தரும் வேலையைப் பாருங்கள். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்துகிறது. இடது கால் கிளட்சை மிதிக்கிறது. கை நான்கிலிருந்து மூன்றுக்கு இழுக்கிறது. அந்த இடைவெளியில், பிரேக்கின் அழுத்தம் மாறாமல் வலது பாதத்தின் ஓரம் மட்டும் சாய்ந்து ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. இன்ஜின் உறுமி மேலேறி, கீழ் கியரின் வேகத்தோடு ஒத்துப்போகிறது. கிளட்சை விட்டால் கார் துளிகூட உலுக்காமல் திரும்புகிறது.

வெடுக்கென்று கவ்வும் பிரேக்கில் இது நடக்காது. பாதத்தைச் சாய்ப்பதற்குள் தலை முன்னே போய்விடும். அதனால் மேனுவல் கேட்கிறவர், மிதித்த அளவுக்கே பிடிக்கும் பிரேக்கைச் சேர்த்தே கேட்க வேண்டும். பிடிகேக்காரருக்குக் கீழ் கியருக்கான அந்தத் தட்டை கியர்பாக்ஸே போட்டுக்கொடுக்கும்; மஞ்சள் காலிபரை அவர் தாராளமாக வாங்கலாம்.