தாலாட்டின் இரண்டாவது குரல்

தாலாட்டு குழந்தைக்காகப் பாடப்படுவது. எனினும் குழந்தை மட்டுமே அதன் பொருளன்று. உறங்கவைக்கும் மெட்டின் அடியில், உறங்கவைப்பவளின் நினைவும் ஏக்கமும் பிறிதொரு குரலாய் ஒலிக்கின்றன. தாலாட்டொன்றைத் தனிக் கிற்றாருக்கு அமைக்க முற்படுவோர் பலர் மேற்குரலை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவது குரலைக் கைவிட்டுவிடுகின்றனர். சொற்கள் நீங்கிவிடும் வாத்திய இசையில் இவ்விழப்புச் சிறியதன்று.

உலகறிந்த பிராம்ஸின் தாலாட்டு இதற்குத் தக்க சான்றாகும். தம் தோழி பேர்த்தா ஃபாபருக்கு இரண்டாவது மகன் பிறந்ததையொட்டி 1868இல் அவர் இதனை இயற்றினார். வியன்னா நகரப் பெண்ணான பேர்த்தா, முன்னர் ஹம்பேர்க்கில் பிராம்ஸ் நடத்திய மகளிர் பாடற்குழுவில் இருந்தவர். அந்நாளில் அவர் பாடிக்காட்டிய வியன்னாப் பாடலொன்றின் மெட்டையே பிராம்ஸ் பியானோப் பகுதியில் மறைத்துவைத்தார். ஆகவே, தாய் பிள்ளைக்குப் பாடும்போது அவளது இளமைக்காலப் பாடல் அவளுக்காகக் கீழே ஒலிக்கின்றது.

மூலப் பாடலின் ஈ-பிளாற் மேஜர், கிற்றாரின் திறந்த தந்திகளுக்கு இசைவானதன்று. அதனை டீ மேஜருக்கு மாற்றி, ஆறாம் தந்தியையும் டீக்குத் தளர்த்தினால், கீழ்மூன்று தந்திகளும் ஷட்ஜ பஞ்சமங்களாய் நின்று சுருதிபோல் ஒலிக்கும். பெருவிரல் தொட்டிலை ஆட்ட, ஏனைய விரல்கள் மெட்டை மீட்டும். எளிய அமைப்புகள் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. மறைபாடல் இடம்பெறவேண்டிய நடுத்தந்திகளை வெறும் சுரக்கூட்டுகள் நிரப்புகின்றன. கிற்றாரில் நீண்ட சுரம் மீட்டியவுடனேயே தேயத் தொடங்கும். அவ்விடைவெளியைத் தாங்கவல்லது அந்நடுக்குரலே என்பதை நோக்குமிடத்து, அதனை நீக்குதல் இசை நிலையிலும் குறையேயாம்.

இக்குறை கண்டிப் பிரதேசத்தார் சிந்திக்கத்தக்கது. பிராம்ஸ் தம் தாலாட்டை இயற்றுவதற்கு ஓராண்டு முன்னர், 1867இல், கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். பின்னர் மலைநாடெங்கும் பரந்த தோட்டங்களில் வழங்கிய வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தோருள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) குறிப்பிடத்தக்கவர். மலையகத் தாலாட்டிலும் பிள்ளையை வாழ்த்தும் குரலோடு உழைப்பின் களைப்பும் விட்டுவந்த ஊரின் நினைவும் கலந்திருக்கும். அதனைக் கிற்றாருக்கு அமைப்பவர் மெட்டை மட்டும் மேலைச் சுரக்கூட்டுகளால் அலங்கரிப்பாராயின், கேட்போர்க்கு இனிமை எஞ்சும், வரலாறு எஞ்சாது.

இதற்கான வழியையும் பிராம்ஸே காட்டியுள்ளார். தாய் மூச்செடுக்கும் இடத்தில் அமைப்பாளரும் சற்று நிற்கலாம். கொழுந்து பறிக்கையில் அவள் பாடிய தெம்மாங்கின் ஒரு துணுக்கை நடுத்தந்தியில் மெல்ல ஒலிக்கவிடலாம். விரல் வித்தையைக் காட்டும் விரைவுச் சுரங்களுக்கு இங்கு இடமில்லை. அவை குழந்தையை எழுப்பிவிடும். குழந்தை உறங்கிய பின்னரும் விழித்திருப்பவள் தாய். அவளது குரலும் கேட்கும் அமைப்பே தாலாட்டுக்கு நியாயம் செய்வதாகும்.