துயர் சொல்லும் வட்டம்: ஒப்பாரி மரபும் பெண்களுக்கான குழுச் சிகிச்சையும்

ஒரு சமூகத்தின் பண்பாட்டை மதிப்பிடுவதற்கு அது கொண்டாடும் மகிழ்ச்சியை மட்டுமன்றி, அது வாய்விட்டுச் சொல்ல இடமளிக்கும் துயரையும் நோக்குதல் வேண்டும். எந்தத் துயரைப் பலர் அறியச் சொல்லலாம், எதனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டவேண்டும் என்பதைத் தனிமனிதர் தீர்மானிப்பதில்லை. வழக்காறுகளும் உறவுமுறைகளும் குடும்ப மானம் என்ற கருத்துமே அதனைத் தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணத்தில் உளநலம் பற்றிய சிந்தனை வளர்ந்த கடந்த சில தசாப்தங்களில் ஒரு கூற்று அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றது. மேலைத்தேயத்தார் குழுச் சிகிச்சை என்று கூறுவது நம் பெண்களுக்குப் புதியதன்று. செத்த வீட்டு ஒப்பாரியே நமது குழுச் சிகிச்சை என்பதே அது. கேட்பதற்கு இனிய இக்கூற்று எத்துணை உண்மையுடையது என்பதை ஆராய்தல் அவசியமாகும். நெருங்கிய மனிதராலேயே புண்பட்டு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு போராடும் பெண்ணொருத்திக்கு நம் சமூகம் எதனை வழங்கப்போகிறது என்ற வினா இதிலேயே தங்கியுள்ளது.

இக்கூற்றுக்கு நியாயம் இல்லாமலில்லை. செத்த வீட்டிற் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டி, வட்டமாக அமர்ந்து அழுகின்றனர். ஒருத்தி தொடங்கும் அடியை மற்றவர்கள் ஏற்கின்றனர். பிறர் இழப்புக்கு அழ வந்தவள் தன் பழைய இழப்பையும் சேர்த்து அழுகின்றாள். அதனை யாரும் குறையாகக் கொள்வதில்லை. பின்னர் எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் எனக் காலம் பகுக்கப்பட்டுத் துயர் படிப்படியாக ஆற்றப்படுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் போன்றோர் இத்தகைய சடங்குகளின் ஆற்றுப்படுத்தும் பண்பை வற்புறுத்தியுள்ளனர். போரின் பாதிப்பு தனியாளின் மனத்தோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் சிதைப்பது என்றும், ஆகவே சிகிச்சையும் கூட்டாக அமைதல் வேண்டும் என்றும் 2007-இல் வெளியான கூட்டு நெருக்கீடு பற்றிய கட்டுரையில் அவர் நிறுவ முயன்றமை மனங்கொள்ளத்தக்கது.

எனினும் ஒப்பாரிக்கு ஓர் எல்லையுண்டு. இறப்பு நிகழ்ந்தாலன்றி அந்த வட்டம் கூடுவதில்லை. ஆகவே மூவகைப் பெண்கள் அதற்கு வெளியே நிற்கின்றனர். காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்கு அழுவது, அவன் இறந்தான் என ஒப்புக்கொள்வதாகிவிடும் என அஞ்சும் தாய் ஒருத்தி. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்திற் கொட்டகையிட்டு அமர்ந்தபோது, ஒப்பாரிக்கு அப்பாற்பட்ட ஒரு துயர் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டது எனலாம். கணவனால் அல்லது உறவினனால் வதைக்கப்படுபவள் இரண்டாமவள். அவளைப் புண்படுத்தியவன் உயிரோடிருக்கிறான். பல வேளைகளில் அவ்வீட்டிலேயே இருக்கிறான். தன் உயிரே தனக்குப் பாரமாகிவிட்டது என எண்ணுபவள் மூன்றாமவள். அவள் இறந்தபின் அவளுக்காக ஒப்பாரி வைக்கப்படும். உயிரோடு இருக்கையில் அவள் பேச வட்டம் எதுவுமில்லை. ஒப்பாரியைக் குழுச் சிகிச்சைக்கு ஈடாகக் கொள்வோர் நேர்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

போரின் காயத்துக்கு நம் கலையும் இலக்கியமும் ஓரளவு மேடை அமைத்துக் கொடுத்தன. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' போன்ற நாடகங்கள் நெருக்கீட்டுக்கு உள்ளான மனங்களைப் பார்வையாளர் முன் நிறுத்தின. வீட்டினுள் நேர்ந்த காயத்துக்கு அத்தகைய இடம் எளிதிற் கிடைக்கவில்லை. குடித்தொகை மதிப்பீடு புள்ளிவிபரத் திணைக்களம் 2019-இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, இலங்கையில் துணைவரோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அத்துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஒரு தடவையேனும் உள்ளாகியுள்ளார். வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005-இல் நிறைவேற்றப்பட்டது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலையும் 1998-இல் நீக்கப்பட்டது. ஆயினும் சட்டம் நீக்கிய பழியை ஊர் நீக்கவில்லை. 'கல்லானாலும் கணவன்' என்ற பழமொழி இன்னும் வழக்கில் இருக்கையில், பாதிக்கப்பட்டவளே பதில் சொல்லவேண்டியவளாகிறாள்.

இந்த மௌனத்தை முதலில் உடைக்க முயன்றோர் பெண்களே. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986-இல் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' தொகுதியின் பெயரே அம்முயற்சியின் பொருளை உணர்த்தும். 'முறிந்த பனை' நூலாசிரியருள் ஒருவரும், 1989 செப்டெம்பர் 21-இற் கொல்லப்பட்டவருமான ராஜனி திராணகம, 1987-ஆம் ஆண்டுப் போரிற் பெண்கள் பட்டவற்றை அவர்களிடமே கேட்டு எழுதினார். 'பூரணி' பெண்கள் இல்லத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. கேட்டலும் அடைக்கலமும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்ற தெளிவு அப்பணியில் இருந்தது.

ஈண்டு இலக்கியத் திறனாய்வின் தவறொன்றையும் குறிப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாயிருந்த கவிஞர் சிவரமணி 1991-இல் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். அதன்பின் அவர் கவிதைகளை அந்த முடிவைக்கொண்டே வாசிக்கும் வழக்கம் தோன்றிவிட்டது. மரணமே கவிதைக்கு முத்திரை குத்துவதுபோல எழுதுவோரும் உளர். இது கவிஞருக்குச் செய்யும் நீதியன்று. அதே எண்ணத்தோடு தனித்திருந்து வாசிக்கும் இளம் பெண்ணுக்குச் செய்யும் தீங்குமாகும். ஒருவரது முடிவுக்கு ஒற்றைக் காரணம் கற்பித்தல் திறனாய்வின் பணியுமன்று. அவர் எழுதியவை உயிர்ப்புள்ள ஒரு மனத்தின் எதிர்ப்பு என்ற வகையிலேயே பெறுமதியுடையன. கவிதைக்கு வாசகர் கிடைப்பர். ஆனால் எழுதியவரிடம் திரும்பி வந்து, 'எனக்கும் அவ்வாறே நேர்ந்தது, நான் கடந்து வந்தேன்' என்று சொல்லும் குரல் அச்சிட்ட பக்கத்திலிருந்து எழுவதில்லை. அந்தக் குரலைத் தருவதே குழுவின் சிறப்பு.

குழுச் சிகிச்சையின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். 1905-இல் பொஸ்ரன் நகரில் யோசப் பிறற் என்ற வைத்தியர் வறிய கசநோயாளரை ஒன்றுகூட்டிப் போதித்தபோது, தம் போதனையோடு அவர்கள் ஒருவருக்கொருவர் தந்த ஊக்கமும் பயனளிப்பதைக் கண்டார். 1960-களின் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் கூடிப் பேசிய வட்டங்கள், தனிப்பட்ட அவமானம் எனக் கருதப்பட்டவை பலருக்கும் பொதுவானவை என்பதை வெளிப்படுத்தின. இவ்வனுபவத்தை உள்வாங்கிய யூடித் ஹேர்மன், 1992-இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று படிகளாக வகுத்தார்: முதலிற் பாதுகாப்பு, பின்னர் நினைவுகூர்தலும் துக்கித்தலும், இறுதியில் வாழ்வோடு மீள இணைதல். பாதுகாப்பு உறுதியாகுமுன் ஒருத்தியைக் கதை சொல்லத் தூண்டுதல் புண்ணைக் கிளறுவதேயாகும். சொல்லாமலிருக்கும் உரிமையும் குழுவில் அவளுக்கு உண்டு.

தற்கொலை எண்ணம் பற்றிப் பேசினால் அது பரவும் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணம் உண்டா எனக் கனிவோடு வினவுதல் அதனை விதைப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. அவ்வினா தனிமையைக் குறைக்கவே செய்யும். அற்லாண்டா நகரில் நடீன் கஸ்லோவும் பிறரும், துணைவரால் வதையுண்டு தற்கொலைக்கு முயன்ற கறுப்பினப் பெண்களுக்கென 'நியா' என்னும் பத்து அமர்வுக் குழுமுறையை வகுத்தனர். ஆபிரிக்கப் பழமொழிகளும் அச்சமூகத்துப் பெண் ஆளுமைகளின் வாழ்வும் அதில் இடம்பெற்றன. 2010-இல் வெளியான முடிவுகள், அப்பெண்களின் உளச்சோர்வு விரைவாகத் தணிந்ததையும், மீண்டும் வன்முறையைச் சந்தித்தபோதும் தற்கொலை எண்ணம் குறைவாகவே எழுந்ததையும் காட்டின. சொந்தப் பண்பாட்டின் உருவமும் பயிற்சிபெற்ற சிகிச்சையின் ஒழுங்கும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு இது தக்க சான்று.

யாழ்ப்பாணத்தில் இதற்கான அடித்தளம் இல்லையென்று கூறவியலாது. 1980-களில் தோன்றிய 'சாந்திகம்' நிலையம் உளவளத்துணையாளரைப் பயிற்றி வந்துள்ளது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உண்டு. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. எல்லாரும் எல்லாருக்கும் உறவாயிருக்கும் சிற்றூரில் இரகசியம் காத்தல் எவ்வாறு? வட்டத்தில் அமர்வோரிடையே சாதி குறுக்கிடின், யார் யார் முன் பேசுவர்? கூலி வேலைக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் இடையில் எந்த நேரத்தில் ஒருத்தி வந்து அமர்வாள்? இவ்வினாக்களுக்கு விடைகாணாது மேலைத்தேய நூலின் முறையை அப்படியே கைக்கொள்வது எவ்வளவு பயனற்றதோ, ஒப்பாரி இருக்கிறது என அமைதியடைவதும் அவ்வளவே பயனற்றது.

ஒப்பாரியிடமிருந்து குழு பெறத்தக்கவை உண்டு: ஒருத்தியின் குரலை மற்றவர் ஏற்கும் முறை, தொடுகையின் ஆறுதல், தொடக்கமும் முடிவும் வரையறுத்த ஒழுங்கு. ஒப்பாரி தரமுடியாதவற்றைக் குழு தரவேண்டும்: உயிரோடிருப்பவன் செய்த கொடுமையைப் பேசும் உரிமை, வட்டத்துக்கு வெளியே செல்லாத இரகசியம், வாரந்தோறும் தொடரும் உறவு, பயிற்சிபெற்ற வழிநடத்துநர். உயிராபத்து உடனடியாக உள்ளவளுக்குக் குழு மட்டும் போதாது. உளமருத்துவரின் தனிக் கவனிப்பும், தேசிய உளநல உதவி இலக்கமான 1926 போன்ற சேவைகளும் முதலில் வேண்டும். திரும்பிச் செல்லும் வீடு பாதுகாப்பற்றதெனின், சட்டத்தின் துணையும் அடைக்கலமும் பிழைப்புக்கு வழியும் வேண்டும்.

ஆதலால் ஒப்பாரியே நமது குழுச் சிகிச்சை என்ற கூற்று அரை உண்மையே. இறந்தாருக்காகக் கூடி அழத் தெரிந்த சமூகம் இது. அந்தத் திறன் சிறியதன்று. உயிரோடிருக்கும் பெண்ணொருத்தி தன் துயரைச் சொல்ல வரும்போதும் அவ்வாறே கூடியமர்ந்து, குறுக்கிடாது, குற்றஞ்சாட்டாது கேட்கும் பழக்கத்தை அது இனிக் கற்றாக வேண்டும்.