காத்திருக்கும் கமராவும் காணாமற்போன மனிதனும்

பொறுமை என்னும் சொல் நம் சமுதாயத்தில் இரு வேறு பொருள்களில் வழங்கி வருகின்றது. திருகோணமலைக் கடற்கரையில் கரைவலையின் கயிற்றை மணிக்கணக்கில் இழுத்துவிட்டுத் தனக்குரிய பங்கிற்காகக் காத்து நிற்கும் தொழிலாளிக்குப் போதிக்கப்படும் பொறுமை ஒன்று. அஃது அடங்கியிருத்தலின் மறுபெயர். வலை வளைக்குமுன் நீரோட்டத்தையும் நீரின் நிறத்தையும் கூர்ந்து நோக்கி, மீன்கூட்டம் வருமட்டும் கடலைவிட்டுக் கண்ணெடுக்காதிருக்கும் அதே தொழிலாளியின் பொறுமை மற்றொன்று. அஃது அறிவின் மறுபெயர். முன்னதை மறுப்பதும் பின்னதைப் போற்றுவதும் முற்போக்கு எண்ணமுடையோர் கடன். கலைத்துறையில் இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குப் புகைப்படக்கலை தக்கதோர் உரைகல்லாகும்.

கோட்டை வாயிலினூடாகக் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில் புள்ளிமான்கள் திரிவதை நம் ஊரார் யாவரும் அறிவர். பேருந்துகளில் வந்திறங்குவோர் ஒரு கையால் பிஸ்கற்றை நீட்டி, மறுகையிலுள்ள கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொண்டு மலையேறுகின்றனர். அப்படத்தில் மான் இருக்கின்றது. மானின் வாழ்க்கை இல்லை. இதற்காக அவர்களைப் பழிப்பது முறையன்று. கிடைத்த ஒரு நாள் விடுமுறையில் ஊர் பார்த்துத் திரும்பவேண்டிய உழைப்பாளிக்குக் காத்திருக்க நேரம் ஏது? ஆனால், கலை என்று சொல்லிக்கொண்டு நம்முன் வைக்கப்படும் படங்களும் இதே அவசரத்தில் பிறக்குமாயின் அவற்றை நாம் கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

இத்துறையில் நாம் ஊன்றிக் கற்கத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர்; எழுத்தையும் படத்தையுமே நம்பி வாழ்ந்தவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை 1996இல் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், இடைவிடாது எழுதினார். தமிழிலும் எழுதினார், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பு அதற்குச் சான்று. வண்ணப்படம் பெருகிய காலத்திலும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே நிலைத்து நின்றார். பல கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பாரமான கமராவுக்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். விலையுயர்ந்த கருவியே கலையை ஆக்கும் என்று நம்பும் நம் மாணவர்க்கு இச்செய்தி ஒன்றே ஒரு பாடமாகும்.

அவர் மறைந்தபின் 2006இல் வெளிவந்த 'ஐ இன் த ஜங்கிள்' என்ற தொகுப்பு அவருடைய படங்களையும் எழுத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. யானையும் காட்டெருதும் அங்கே வேட்டைக்காரன் சுவரில் மாட்டிய தலைகளைப்போல் தனித்துத் தொங்கவில்லை. தாம் வாழும் புல்லோடும் மரத்தோடும் தம் இனத்தோடும் காணப்படுகின்றன. ஒரே விலங்கை மீண்டும் மீண்டும் சென்று கண்டவனுக்கே இவ்வகைப் பார்வை கைகூடும். அதனினும் முக்கியமானது யாதெனில், வேழத்துக்குக் கொடுத்த கவனத்தை அவர் காகத்துக்கும் அணிலுக்கும் கொடுத்தார் என்பதே. அன்றாடம் கண்முன் திரிவதால் நாம் காணாது விட்டவற்றைக் காணச் செய்தது அவரது எழுத்து.

எனினும் போற்றுதலோடு நின்றுவிடுவது விமர்சனமாகாது. இயற்கையின் ஒரு பகுதியேனும் மனிதக் கை படாமல் விடப்படவேண்டும் என்பது கிருஷ்ணனின் கொள்கை. காடழிப்போரின் பேராசைக்கு எதிராக அக்கொள்கை நியாயமானதே. ஆயின், காட்டையே வீடாகக் கொண்ட மக்களின் நிலை என்ன? 1973இல் இந்திய அரசு தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் பெயரால் பல காட்டுச் சிற்றூர்கள் இடம்பெயர்க்கப்பட்டன. இதற்குக் கிருஷ்ணனைக் குற்றஞ்சாட்டுவது அறிவுடைமையன்று. ஆனால், மனிதன் இல்லாத காடே உண்மையான காடு என்ற எண்ணத்துக்கு, மனிதன் இல்லாத படங்கள் தம்மையறியாமலே வலுவூட்டுகின்றன என்பதை மறுக்க இயலாது.

இது தொலைவிலுள்ள காட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சுற்றுலா விளம்பரங்களில் நிலாவெளிக் கடற்கரையைப் பாருங்கள். வெண்மணலும் நீலக் கடலும் உண்டு. வள்ளமும் வாடியும் உலரும் வலையும் இல்லை. வெறுமையாகக் காட்டப்படும் கரையை யாரும் உரிமை கோரலாம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்தும் கடலுக்குச் செல்லத் தடைகளைச் சுமந்தும் வாழ்ந்த மக்களின் கரையை இவ்வாறு வெறுமையாக்கிக் காட்டுவது வெறும் அழகுணர்ச்சி எனக் கொள்ளத்தக்கதன்று.

நம் மாணவி ஒருத்தியின் முயற்சியை இங்கே குறிப்பிடவேண்டும். தமையனின் பழைய கைத்தொலைபேசியுடன் ஆறு சனிக்கிழமைகள் விடியுமுன் அவள் கோட்டை வாயிலுக்குச் சென்றாள். முதல் வாரம் எடுத்தது எல்லாரும் எடுக்கும் மான்தான். மூன்றாம் வாரத்தில், மான்கள் முதலில் நாடுவது புல்லையன்று, குப்பைக் குவியலையே என்று கண்டாள். ஆறாம் வாரம் எடுத்த படத்தில், சுத்திகரிப்புத் தொழிலாளியான பெண்ணொருத்தி குனிந்து பொலித்தீன் பைகளைப் பிரித்தெடுக்கின்றாள். முழங்கை தொடும் தூரத்தில் மானொன்று, பையின் நுனியை வாயிற் கவ்வியபடி நிற்கின்றது. பிளாஸ்டிக்கை விழுங்கி நம் மான்கள் மடிவதை அறிந்தோர்க்கு அப்படம் வேறு விளக்கம் வேண்டாதது. போட்டியொன்றுக்கு அதனை அனுப்பினோம். "இயற்கைக் காட்சிப் பிரிவில் மனிதர் இடம்பெறலாகாது" என்று திருப்பிவிட்டனர்.

அத்தீர்ப்பு மாணவியின் தோல்வியன்று; அளவுகோலின் தோல்வி. கிருஷ்ணன் காட்டில் பயின்ற பொறுமையை அவள் குப்பைமேட்டில் பயின்றாள். அவர் காட்டாது விட்ட மனிதனையும் தன் படத்துள் அழைத்துக்கொண்டாள். அம்மானும் அத்தொழிலாளியும் ஒரே குப்பையின் முன் நிற்பதைக் கண்ட கண், அக்குப்பையை அங்கே கொட்டியவர் யார் என்று கேளாதிருக்க முடியாது.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது பெரிதன்று. ஓர் இடத்தைத் தேர்ந்து, திரும்பத் திரும்பச் சென்று பார்க்க மாணவரைப் பழக்குவோம். துறைமுக வாயிலோ, மீன் சந்தையோ, பாடசாலை வேலியோரமோ, எதுவாயினும் சரி. அங்கே யார் உழைக்கின்றனர் என்பதையும் அவர்கள் குறித்து வரட்டும். அந்த மாணவி எழாம் சனிக்கிழமையும் சென்றாள்; தொழிலாளியின் பெயரைக் கேட்டு, படத்தின் ஒரு பிரதியை அவர் கையிற் கொடுத்துவிட்டு வந்தாள்.