கண்ட்ரி இசையின் பாணிகள்: மெர்ல் ஹேகர்டை முன்வைத்து

கண்ட்ரி இசையின் பாணிகளை வகுப்போர் 1927 கோடையில் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கே பதிவான வரலாறு, இம்மலரை வெளியிடும் ரசிகர் சங்கத்தின் உறுப்பினர்கள் அறிந்ததே; விரிக்க வேண்டியதில்லை. கார்ட்டர் வழியில் பாட்டு முன்னே நின்றது, பாடுபவர் அதன் பின்னே நின்றார். ராட்ஜர்ஸ் வழியில் குரலும் அந்தக் குரலுக்குரிய ஆளும் முன்னே வந்தார்கள். ரயிலில் பிரேக்மேனாக வேலை பார்த்து, காசநோயோடு பாடி, 1933இல் 35 வயதில் மறைந்தவர் ராட்ஜர்ஸ். தன் வாழ்க்கையையே பாட்டாக்கும் பழக்கத்தைப் பின்வந்தவர்கள் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

பாடகர் யாரிடம் கற்றார் என்ற கேள்வி இம்மரபில் தொடக்கம் முதலே உண்டு. அதற்கான விடை எப்போதும் நேர்மையாகச் சொல்லப்பட்டதில்லை. கார்ட்டர் குடும்பத்துக்குப் பாட்டுத் திரட்ட ஊர் ஊராகக் கூடவே சென்ற லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞரின் பெயர் நெடுங்காலம் ரசிகர் காதை எட்டவில்லை. ஹாங்க் வில்லியம்ஸ் இதில் மேலானவர். அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது ரூஃபஸ் பெய்ன் என்ற தெருப்பாடகரிடம் பாடம் கேட்டதை அவர் மறைக்கவில்லை. 1953 புத்தாண்டு நாளில், 29 வயதில் இறந்த ஹாங்க் விட்டுச்சென்ற அளவுகோல் இன்னும் மாறவில்லை: எளிய சொல், குறைந்த வாத்தியம், பாடுபவர் பட்டதாகவே கேட்பவர் நம்பும்படியான பாட்டு.

1950களின் பிற்பகுதியில் நாஷ்வில்லில் தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் வேறொரு பாணியை உருவாக்கினார்கள். ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் பின்னுக்குப் போயின. வயலின் கூட்டமும் பின்னணிக் குழுக்குரலும் முன்னுக்கு வந்தன. பேட்ஸி கிளைனும் ஜிம் ரீவ்ஸும் இப்பாணியின் சிகரங்கள். 1963இலும் 1964இலும் அடுத்தடுத்து இருவருமே விமான விபத்தில் மாண்டார்கள். ஜிம் ரீவ்ஸுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த வரவேற்பு வேறெந்தக் கண்ட்ரிப் பாடகருக்கும் கிட்டியதில்லை. சங்கத்தின் மூத்தோர் பலர் இந்த இசைக்குள் நுழைந்த வாசல் அவருடைய குரல்தான். ஆகவே நாஷ்வில் பாணியைக் குறைத்துப் பேசுவது இம்மலரில் முறையாகாது. அது மெருகேற்றிய பாணி. மெருகு மிகுந்த இடங்களில் மரத்தின் ரேகை தெரியாமல் போனது என்று மட்டும் சொல்லலாம்.

ரேகை தெரிய வாசித்தவர்கள் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் இருந்தார்கள். 1930களில் ஓக்லஹோமாவிலும் டெக்சஸிலும் விவசாயம் பொய்த்துப் பிழைப்புத் தேடி மேற்கே வந்த குடும்பங்கள் அங்கே பருத்திக் காட்டிலும் எண்ணெய்க் கிணற்றிலும் வேலை செய்தன. மாலையில் அவர்கள் கூடிய மதுக்கூடங்களில் ஆட்டமும் இரைச்சலும் அதிகம். பிளாக்போர்டு என்ற கூடம் அவற்றில் பேர்பெற்றது. அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பதால்தான் டெலிகாஸ்டர் கிட்டாரின் கூர்மையான மேல்சுருதியும் ஓங்கிய டிரம்ஸும் இப்பாணிக்கு அடையாளமாயின. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை முழு டிரம்ஸை நெடுநாள் ஏற்கவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பக் ஓவன்ஸும் டான் ரிச்சும் சேர்ந்து பாடிய இரட்டைக்குரல் இப்பாணியை நாடறியச் செய்தது. பாட்டெழுத்தில் இதை உயர்த்தியவர் மெர்ல் ஹேகர்ட்.

ஹேகர்ட் 1937 ஏப்ரல் 6 அன்று பிறந்தார். பேக்கர்ஸ்ஃபீல்டை அடுத்த ஆயில்டேலில் பழைய சரக்கு ரயில் பெட்டியொன்றைத் தந்தை வீடாக மாற்றியிருந்தார். மெர்லுக்கு ஒன்பது வயதானபோது அவர் இறந்தார். அதன்பின் வீட்டைவிட்டு ஓடுவதும் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்புவதும் சில்லறைத் திருட்டுமாகக் கழிந்த இளமை, 1958இல் சான் க்வென்டின் சிறையில் போய் நின்றது. அங்கே கைதியாக இருந்தபோது ஜானி கேஷின் கச்சேரியைக் கேட்டார். அன்று கேஷுக்குத் தொண்டை கட்டியிருந்தது என்றும், ஆயினும் கூட்டம் முழுவதையும் கைக்குள் வைத்திருந்தார் என்றும் ஹேகர்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குரல் ஒத்துழைக்காத நாளிலும் மேடை நிற்கும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

குரலுக்கான பாடம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. டெக்சஸின் லெஃப்டி ஃபிரிசெல் ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். ஒரு சொல்லின் உயிரோசையைப் பிடித்து வளைத்து, ஓர் அசையை மூன்று நான்கு சுரங்களில் சறுக்கி இறக்குவது அவர் வழி. 1951இல் அவருடைய நான்கு பாட்டுகள் ஒரே சமயத்தில் கண்ட்ரிப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் இருந்தன. பேக்கர்ஸ்ஃபீல்டின் ரெயின்போ கார்டன்ஸில் அவர் பாட வந்த இரவொன்றில், பதின்பருவத்து மெர்ல் மேடைக்குப் பின்னால் பாடுவதைக் கேட்டு, முதலில் அந்தப் பையன் பாடட்டும் என்று தன் கிட்டாரையே கொடுத்து அனுப்பினார். ராட்ஜர்ஸ், லெஃப்டி, மெர்ல் என்ற தலைமுறை வரிசையை இசை வரலாற்றாசிரியர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள், அதில் மிகையில்லை.

1960இல் பரோலில் வெளிவந்த ஹேகர்ட் சிலகாலம் வின் ஸ்டூவர்ட்டின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். பட்டியலில் ஏறிய அவருடைய முதல் பாட்டு, ஸ்டூவர்ட்டிடம் கேட்டு வாங்கியது. பக் ஓவன்ஸிடமும் கொஞ்ச நாள் இருந்தார். அந்தக் குழுவுக்கு பக்கரூஸ் என்று பெயர் வைத்தவரே அவர்தான் என்பது பலர் மறந்த செய்தி. பிறகு கேபிடல் நிறுவனத்தில் தொடங்கி மொத்தம் 38 பாட்டுகளை பில்போர்டு கண்ட்ரிப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய பழைய குற்றங்களுக்கு 1972இல் கலிஃபோர்னியா கவர்னர் ரொனால்ட் ரேகன் முழு மன்னிப்பு வழங்கினார்.

அவர் எழுத்தின் திறம் வாழ்க்கையை அப்படியே ஒப்பிப்பதில் இல்லை. 1968இல் வந்த, தாயின் வளர்ப்பைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டில் நாயகன் ஆயுள் தண்டனைக் கைதியாகச் சிறையில் இருபத்தோரு வயதை அடைகிறான். ஹேகர்ட் சிறையில் இருபத்தொன்றைக் கடந்தது உண்மை. மூன்றாண்டுக்குள் வெளியே வந்ததும் உண்மை. தன் கதையில் ஒரே ஒரு செய்தியை மாற்றி, அதனால் தாயின் துயரத்தை முழுமையாக்கினார். ஹிப்பிகளைச் சாடிய 1969இன் மஸ்கோகீ பாட்டு அவரை ஒரு கட்சியின் பாடகராகக் காட்டியது. அதை அடுத்து, கறுப்பினப் பெண்ணொருத்தியைக் காதலிப்பவனின் பாட்டை வெளியிட அவர் விரும்பினார், நிறுவனம் தயங்கியது. 1972 வரை அவர் குரலில் அது வெளிவரவில்லை. அவரை ஒரே பாட்டால் எடைபோடுவோர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மேடையில் ஹேகர்ட் அதிகம் அசைந்ததில்லை. டெலிகாஸ்டரைத் தோளில் மாட்டி, மைக்கின் முன் நின்ற இடத்தில் நின்று பாடுவார். அடுத்த பாட்டு எது என்பது பெரும்பாலும் அவர் தொடங்கும்போதுதான் அவருடைய ஸ்ட்ரேஞ்சர்ஸ் குழுவுக்கே தெரியும். ராய் நிக்கல்ஸின் கிட்டாரும் நார்ம் ஹாம்லெட்டின் ஸ்டீல் கிட்டாரும் எந்தக் கணத்திலும் தயாராக இருந்ததால் அது முடிந்தது. வெஸ்டர்ன் ஸ்விங் குழுத்தலைவர் பாப் வில்ஸிடம் கற்ற முறையில் வாத்தியக்காரரின் பெயரைச் சொல்லி அழைத்துத் தனிவாசிப்புக்கு இடம்விடுவார். பிற பாடகர்களின் குரலை அச்சாக எடுத்துப் பாடவும் அவருக்கு வரும். மார்ட்டி ராபின்ஸ், ஹாங்க் ஸ்னோ, ஜானி கேஷ் என்று வரிசையாகப் பாடி அவையைச் சிரிக்கவைத்திருக்கிறார். பிறர் குரலை இவ்வளவு துல்லியமாக எடுத்தவர் தன் பாட்டில் அவர்களில் ஒருவர்போலவும் ஒலிக்கவில்லை. பாணியைக் கற்பது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1969இல் ராட்ஜர்ஸுக்கு ஓர் ஆல்பம், 1970இல் வில்ஸுக்கு ஓர் ஆல்பம் என்று குருமாருக்குரிய கடனை வெளிப்படையாகச் செலுத்தினார். இரண்டாவதற்காக ஃபிடில் வாசிக்கவே கற்றுக்கொண்டார். வில்லி நெல்சனும் 1977இல் லெஃப்டியின் பெயரில் இப்படி ஓர் ஆல்பம் செய்தார்.

இந்த அளவுகோலோடு இன்றைய மேடைகளைப் பார்ப்பவருக்குக் கவலை எழுவது இயல்பு. தனிப்பட்ட எவரையும் குறித்து இது சொல்லப்படவில்லை. நல்ல குரலும் உழைப்பும் உள்ள இளையோர் இன்றும் உண்டு. ஆயினும் மூன்று நான்கு பேர் அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதும் பாட்டில் எவருடைய வாழ்க்கை இருக்க முடியும்? பிக்கப் டிரக், ஆற்றங்கரை, வெள்ளிக்கிழமை இரவு, குளிர்ந்த பீர் என்ற அதே நான்கு சரக்குகள் வரிசை மாறி வருகின்றன. சுருதி பிசகினால் கணினி திருத்துகிறது. பிசகும் உரிமைகூட இல்லாத குரலில் லெஃப்டியின் சறுக்கலுக்கு இடமேது? வாத்தியத்தில் பாதி முன்பே பதிவாகி வருகிறது. அதனால் பாட்டின் வரிசையை மாற்றவும் வழியில்லை, தனிவாசிப்பை நீட்டவும் வழியில்லை. ஸ்டீல் கிட்டார்காரருக்கு இடமிருந்தால் ஓர் ஓரத்தில் நாற்காலி கிடைக்கிறது. பாடகர் நீள்மேடையில் ஓடுகிறார், பின்னால் வாணவேடிக்கை, அதற்கும் பின்னால் அவர் முகமே பத்தாள் உயரத்தில் திரையில். நின்று பாடத் தெரியாதவருக்கு ஓடத் தெரிந்து என்ன? யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டாமா? ரசிகர்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பாட்டு நடக்கும்போதே கைப்பேசியைத் தூக்கிப்பிடித்து, அடுத்தவர் பார்வையை மறைத்து, கேட்க வந்ததைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். தொப்பியின் விளிம்பு வளைவில் செலுத்தும் கவனத்தில் பத்திலொன்றைச் சொல் உச்சரிப்பில் செலுத்தினால் போதும் என்று மூத்த ரசிகர்கள் சொல்வதில் நியாயமுண்டு.

ஹேகர்ட் 2016இல் தம் 79ஆம் பிறந்தநாளன்றே காலமானார். லெஃப்டியிடமிருந்து அவர் வழியாக வந்த பாடுமுறையை 1980களில் ஜார்ஜ் ஸ்ட்ரெயிட்டும் ராண்டி டிராவிஸும் கீத் விட்லியும் மூன்று விதமாக எடுத்துக்கொண்டார்கள். விட்லி 1989இல் மறையாதிருந்தால் அவர்களில் லெஃப்டிக்கு மிக நெருங்கியவராக இருந்திருப்பார். டுவைட் யோகம், ஒதுங்கியிருந்த பக் ஓவன்ஸை அழைத்துவந்து 1988இல் சேர்ந்து பாடி முதலிடம் பிடித்தார். ஹேகர்டின் மகன் பென், தந்தையின் கடைசி ஆண்டுகளில் ஸ்ட்ரேஞ்சர்ஸ் குழுவிலேயே டெலிகாஸ்டர் வாசித்துத் தேர்ந்தவர். ஆயில்டேலின் ரயில் பெட்டி வீடு 2015இல் கெர்ன் கவுண்டி அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டுப் பாதுகாக்கப்படுகிறது.