இணையவழி டிரிஃப்ட் விளையாட்டில் எழுதப்படாத விதிகள்: 'அசெட்டோ கோர்சா'வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இணையவழிக் கார் விளையாட்டில் டிரிஃப்ட் செய்வோர் தமக்குள் பேணும் எழுதப்படாத விதிகளை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. மோதலுக்குப் பின்தொடர்பவரே பொறுப்பு என்னும் விதி, களப்போட்டியிலிருந்து இணையத்திற்குப் பெயர்ந்தபோது அதன் நியாயம் எங்கே தளர்ந்தது என்பது இதன் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: டிரிஃப்ட், அசெட்டோ கோர்சா, எழுதப்படாத விதி, வலையமைப்புத் தாமதம், விளையாட்டாய்வு

முன்னுரை

இத்தாலியின் கூனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்ட 'அசெட்டோ கோர்சா' பந்தயத்திற்கென உருவான விளையாட்டு. ஆர்வலர்கள் உருவாக்கிச் சேர்த்த கார்களும் தடங்களும் பெருகப் பெருக, முதலில் வருபவர் யார் என்ற கேள்விக்கே இடமில்லாத டிரிஃப்ட் களமாகவும் அது வளர்ந்தது. பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து வழுக்க, வண்டி பக்கவாட்டில் சரிந்தபடியே வளைவைக் கடப்பது டிரிஃப்ட். அதன் தரத்தைக் கடிகாரம் கொண்டு அளக்க இயலாது. நடுவரில்லாத பொதுச் சர்வர்களில் ஒருவர் நன்றாக ஓட்டினாரா என்பதை உடன் ஓட்டுவோரே சொல்லவேண்டியுள்ளது. ஆகவே நடத்தை விதிகளை இவ்விளையாட்டின் புறச்சேர்க்கையாகக் கருதிவிட முடியாது.

விதிகளின் வேர்

ஜப்பானிய மலைச்சாலைகளில் இளைஞர்கள் பயின்ற இவ்வோட்டமுறையைக் கெய்இச்சி சுச்சியா போன்றோர் பரவலாக்கினர். பின்னர் ஜப்பானின் டி1 கிராண்ட் பிரீ, 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்முலா டிரிஃப்ட் ஆகிய போட்டிகள் அதற்கு மேடை அமைத்தன. இரு கார்கள் இணைந்து ஓடும் சுற்றை ஜப்பானியர் 'சூய்சோ' என்பர். முன்செல்பவர் ஒழுங்கான தடத்தில் ஓடவேண்டும். பின்தொடர்பவர் அதே கோணத்தில், இயன்றவரை நெருங்கி, அவர் திசைமாற்றும்போதே தாமும் திசைமாற்ற வேண்டும். முன்செல்பவர் தடம் பிறழாமலும் திடீரென வேகம் குறைக்காமலும் ஓடியிருந்தால் மோதலின் பொறுப்பு பின்தொடர்பவரையே சாரும்.

இணையக் களம் இவ்வறத்தைப் பெருமளவு அப்படியே ஏற்றது. அதனுடன் தனக்கேயுரிய சிலவற்றையும் சேர்த்தது. சுழன்று நின்றவர் பிரேக்கை அழுத்தியபடி அசையாதிருக்க வேண்டும் அல்லது பிட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நிற்கும் வண்டியைப் பின்வருவோர் விலகிக் கடந்துவிடுவர்; தப்பிக்கும் பதற்றத்தில் பின்னோக்கி நகரும் வண்டியைக் கடப்பது அரிது. சரிவிலிருக்கும் இருவருக்கிடையே நேர்கோட்டில் பாய்வது பெருங்குற்றம். முன்சென்றவர் அடுத்த சுற்றில் பின்தொடர்ந்து, மற்றவருக்கு முன்னிடம் தருவது மரியாதை. கைகள் ஸ்டீயரிங்கில் இருக்கையில் தட்டச்சு செய்ய இயலாது என்பதால் இவற்றுள் பல, சொல்லப்படாமல் ஓட்டத்தின் வழியாகவே கற்பிக்கப்படுகின்றன.

இரு திரைகள், ஒரு மோதல்

களத்தில் மோதல் ஒரே நிகழ்வு. இணையத்தில் அவ்வாறில்லை. இவ்விளையாட்டில் ஒவ்வொருவர் காரின் இயக்கத்தையும் அவரவர் கணினியே கணக்கிடுகிறது. பிறர் கார்களின் நிலை சர்வர் வழியாகத் தாமதித்து வந்துசேர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கும். தாமதம் 100 மில்லிநொடி எனில் 2.8 மீட்டர், அதாவது ஒரு காரின் நீளத்தில் பாதிக்கும் மேல். இவ்விடைவெளியை மென்பொருள் ஊகத்தால் நிரப்புகிறது. நேர்ச்சாலையில் ஊகம் பொருந்தும். வலச்சரிவிலிருந்து இடச்சரிவுக்கு வண்டி புரளும் கணத்தில் ஊகம் தவறுகிறது. டிரிஃப்டின் அழகு முழுவதும் அக்கணத்தில்தான் உள்ளது என்பது இங்குள்ள முரண்.

எனவே பின்தொடர்பவரின் திரையில் கதவை உரசிய கார், முன்செல்பவரின் திரையில் ஒரு கை தொலைவில் இருந்திருக்கலாம். ஒருவர் தூக்கியெறியப்படுகிறார், மற்றவர் எதையும் அறியாமல் வளைவைக் கடக்கிறார். மறுபதிவை ஓட்டிப் பார்த்தாலும் பயனில்லை. அதுவும் அவரவர் கணினி கண்டதன் பதிவே. இந்நிலையில் பின்தொடர்பவரே பொறுப்பு என்பது அவர் காணாத ஒன்றுக்கு அவரைப் பிணையாக்குகிறது.

இவ்விதியை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. முன்செல்பவரிடம் களம் எதிர்பார்க்கும் முதன்மைப் பண்பு, அடுத்து என்ன செய்வார் என்பது முன்கூட்டியே தெரியும்படி ஓடுவது. அவ்வாறு ஓடுபவரைப் பின்தொடரும் மனிதரும் எளிதில் ஊகிக்கிறார், மென்பொருளும் ஓரளவு சரியாக ஊகிக்கிறது. தாமதத்தின் நுட்பம் அறியாதவரும், அதனால் விளையும் கேட்டைக் குறைக்கும் ஒழுக்கத்தைப் பழக்கத்தால் கண்டடைந்துள்ளனர். மோதலுக்குப் பின் அரட்டைப் பெட்டியில் வந்துவிழும் 'சாரி' என்ற ஒற்றைச் சொல்லும் இவ்வகையதே. தம் திரையில் மோதலே நிகழாதபோதும் அதைச் சொல்பவர், மற்றவர் திரையில் நிகழ்ந்ததை மெய்யென ஏற்கிறார். களப்போட்டியில் இதற்கு நிகரான மரபு இல்லை.

வெளியேற்றப்படுபவர் யார்?

யோஹான் ஹூய்சிங்கா 1938இல் வெளிவந்த 'ஹோமோ லூடன்ஸ்' நூலில், விதியை ஏற்பதாக நடித்து மீறும் ஏமாற்றுக்காரரையும், விளையாட்டையே மறுக்கும் ஆட்டக்கலைப்பாளரையும் வேறுபடுத்தினார். வேண்டுமென்றே இடிப்பவரை இரண்டாம் வகையில் அடக்கலாம். விதி இருப்பதையே இன்னும் அறியாத புதியவர் இவ்விரண்டிலும் அடங்கார். ஆனால் தடத்தில் இவரும் இடிப்பவரும் ஒன்றுபோலவே தோன்றுகின்றனர். ஸ்டீயரிங் கருவி வாங்க வசதியின்றி விசைப்பலகையில் ஓட்டுபவரின் நிலை இன்னும் கடினம். அவருடைய திருத்தங்கள் வெட்டிவெட்டி விழுவதால் ஊகமும் அடிக்கடி பிழைக்கிறது; தாமதமான இணைப்பும் அமைந்துவிட்டால், மரியாதையற்றவர் என்ற பெயர் ஓரிரு சுற்றுகளில் நிலைத்துவிடும்.

இவர்களை வெளியேற்ற வாக்கெடுப்பு வசதி உண்டு. வாக்களிப்போர் தத்தம் திரையில் கண்டதைக் கொண்டே வாக்களிக்கின்றனர். குற்றம்சாட்டப்பட்டவரின் திரையை ஒருவரும் பார்த்திலர். சில சர்வர்கள் நுழைவிலேயே விதிகளை எழுதிக் காட்டுகின்றன. இடிக்காதே, எதிர்த்திசையில் ஓட்டாதே என்பன அவற்றுள் இடம்பெறும். எவ்வளவு தாமதம் உள்ள இணைப்பில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை அங்கே காண்பது அரிது. புதியவருக்கு முதலில் சொல்லப்பட வேண்டியது அதுவே.