கட்டாயப் படைச்சேர்ப்பும் வெற்றியின் வரம்பும்: ஹாரி சம்மர்ஸின் வியட்நாம் போராய்வை முன்வைத்து

மக்களின் மனவுறுதியைத் திரட்டாமல் அமெரிக்கா வியட்நாம் போரில் இறங்கியது என்பது, ஹாரி சம்மர்ஸ் 1982இல் வெளியிட்ட 'ஆன் ஸ்ட்ராட்டஜி' நூலின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. இதற்குக் கிளாஸ்விட்ஸின் போர்க்கோட்பாட்டை அவர் துணைக்கொள்கிறார்.

1965 ஜூலை 28இல் அதிபர் ஜான்சன் வியட்நாமிலிருந்த படையை 75,000இலிருந்து 1,25,000ஆக உயர்த்துவதாக அறிவித்தார். ரிசர்வ் படையினரை அழைக்காமல், மாதந்தோறும் கட்டாயமாகச் சேர்க்கப்படுவோர் தொகையை 17,000இலிருந்து 35,000ஆகக் கூட்டினார். சமூகநலத் திட்டங்கள் முடங்கக்கூடாது என்பதும், 1950இல் கொரியாவில் நேர்ந்ததுபோல் சீனா தலையிடக்கூடாது என்பதும் இம்முடிவின் பின்னணி. இவ்வரம்புகளைச் சம்மர்ஸ் வெற்றிக்கு நேர்ந்த தடைகளாகக் காண்கிறார். போர் அரசியலின் தொடர்ச்சி என்னும் கிளாஸ்விட்ஸின் கருத்தை ஏற்பின், அவை போரின் நோக்கத்திலேயே அடங்கியவை எனல் வேண்டும்.

மக்கள் திரட்டப்படவில்லை என்னும் கூற்றும் முழுமையானதன்று. கல்லூரி மாணவர்க்கு ஒத்திவைப்பு வழங்கப்பட்டதால், போர்ச்சுமை வசதி குறைந்த குடும்பத்து இளைஞர்மீது மிகுதியாக விழுந்தது. 1969 டிசம்பர் 1இல் குலுக்கல் நடந்த பின்னும் அவ்வொத்திவைப்பு உடனே நீங்கவில்லை. 1973இல் கட்டாயச் சேர்ப்பே நின்றது. மக்களின் ஈகம் கோரப்பட்டது. ஆனால் சமமாகக் கோரப்படவில்லை. யாருடைய பிள்ளைகளைக் கொண்டு வெல்வது என்னும் வினாவைத் தவிர்த்து வெற்றியின் வரம்பை ஆராய்வதே சம்மர்ஸ் நூலின் பெருங்குறையாகும்.